அது குனிந்து கூப்பிட்டால்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. சிவப்பிரகாசத்தின் புகார் எளிமையானது: ஒரு பூனையைப் பற்றி எழுதப்பட்ட நான்கு பக்கக் கடிதத்தில், அந்தப் பூனை பதினேழு இடங்களில் ‘அவள்’ என்று குறிக்கப்பட்டிருந்தது.

எழுதியவர் எழுத்தறிவு குறைந்தவராக இருந்தால் அவர் பொறுத்திருப்பார். எழுதியவரோ ஜெயவதி, அவரோடு ஒரே பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவர், முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்று உயிர்களை வகுத்துக் காட்டியவர். வகுப்பதன் அருமை அறிந்த ஒருவரே மனிதருக்கு உரிய உயர்திணையை ஒரு விலங்குக்குத் தூக்கிக் கொடுத்து, ‘வந்தாள்’, ‘தின்றாள்’, ‘உறங்கினாள்’ என்று எழுதிக்கொண்டே போவாரானால், ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் சிவப்பு மைப் பேனாவைத் தேடி எடுக்காமல் வேறு என்ன செய்வார்?

பூனை முந்தைய நாள்தான், அந்தக் கடிதத்தோடு, கண்ணமங்கலத்தில் ஜெயவதியின் வீட்டிலிருந்து சேவூருக்கு, சிவப்பிரகாசத்தின் வீட்டுக்கு வந்திருந்தது. ஜெயவதியின் மகள் சந்தனா, வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது அதைத் தாயிடம் விட்டுச் சென்றிருந்தாள். ஜெயவதியின் வீடு சமண வீடு; முட்டைகூட உள்ளே வராது. மீன் இல்லாமல் பூனை இளைத்தது. மீன் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. செய்தியைக் கேள்விப்பட்ட சிவப்பிரகாசத்தின் மனைவி அபிதகுசாம்பாள், “எங்கிட்ட குடுத்துடுங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்” என்று கைப்பேசியிலேயே கேட்டு வாங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் மறுக்கவில்லை.

பாரசீகப் பூனை என்றது கடிதம். தோலை ஒட்டி அடர்ந்த அடிமயிர். அதன்மேல் கைவிரல் நீளத்துக்குப் பட்டுப் போன்ற மேல்மயிர். உருண்டைத் தலை, சிறிய காதுகள், குட்டைக் கால்கள், இரண்டு கண்களுக்கும் நடுவிலேயே அமுங்கிப்போன மூக்கு. எதிரே சோபாவில் இருந்த பிராணியோடு ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சாயம் ஏற்றாத பட்டின் மங்கிய வெண்மை. செம்பு நிறக் கண்கள். அந்தத் தட்டையான முகம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னோக்கி நீண்ட வாய் இல்லாததால், அரையிருட்டில் பார்த்தால் அது யாரோ ஒருவருடைய முகம்போல இருந்தது.

பூர்வீகத்துக்கும் ஒரு பத்தி இருந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து பயணிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற பூனைகளின் வழி என்று சொல்கிறார்கள். மரபணுவைச் சோதித்தவர்களோ, இவை மேற்கு நாட்டுப் பூனைகளையே ஒத்திருப்பதாகக் கூறுகிறார்கள். ‘ஆகவே அவள் எங்கிருந்து வந்தாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று ஜெயவதி முடித்திருந்தார். சிவப்பிரகாசம் ‘அவள்’ என்பதை அடித்து ‘அது’ என்றும், ‘வந்தாள்’ என்பதை அடித்து ‘வந்தது’ என்றும் எழுதினார். சொல்லிக்கொள்ளும் ஊர் ஒன்று, வந்த ஊர் வேறொன்று. வாடகைக்கு வீடு கேட்டு வருபவன் இப்படிச் சொன்னால் யாராவது சாவியைக் கொடுப்பார்களா?

அடுத்தது குணம். ‘அவள் அதிகம் கத்தமாட்டாள். உயரத்தில் ஏறமாட்டாள். வைத்த இடத்தில் இருப்பாள். வெயில் விழும் இடமாகப் பார்த்து உறங்குவாள். வீட்டில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவரையே கவனித்தபடி இருப்பாள்.’ எல்லாவற்றையும் திருத்தினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கை பழகியிருந்தது. கண் ‘அவள்’ என்ற சொல்லைக் கண்டதுமே, வாக்கியம் முடிவதற்கு முன்பாகப் பேனா தானாக இறங்கியது. பதினேழாவது திருத்தத்தையும் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

பூனை அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மஹிமா ஒங்களையே பாத்துகினு கீறா, பாருங்க” என்றாள் அபிதகுசாம்பாள். மஹிமா என்பது சந்தனா வைத்த பெயர்.

“கீறா அல்ல. பார்த்துக்கொண்டிருக்கிறது.”

“ஆசையா சொன்னா தப்பில்லன்னு நீங்கதான கிளாஸ்ல சொல்லிக் குடுப்பீங்க? பசுவ அம்மான்னு கூப்டுவாங்களே, அந்தக் கதை.”

“அது வழுவமைதி. பால் கொடுத்து வளர்த்த பசுவுக்குக் காட்டும் சலுகை. நேற்று வந்த பிராணிக்கு அல்ல.”

“நாப்பத்தோரு வருசமா இதே பேஜாரு. சர்தான் போங்க. இனிமே நான் வாயத் தொறந்தா கேளுங்க!” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை நண்பகல் வரை அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் விடியலிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும் தெரு அது. அந்த ஓசைக்குமேல் உயர்ந்து கேட்கும் ஒரே குரல் அவருடைய மனைவியின் குரல்தான். பால்காரரிடம், கீரைக்காரம்மாவிடம், கடவுள் படத்திடம், கொதிக்கிற உலையிடம் என்று நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பவள் அவள். இப்போது தறியோசை மட்டும் இருந்தது. கோபித்துக்கொண்டாள் என்று முதலில் நினைத்தார். வீம்பு என்று பிறகு நினைத்தார். தன்னைப் பணியவைக்க அவளும் ஜெயவதியும் சேர்ந்து செய்யும் சூழ்ச்சி என்று மாலையில் முடிவுசெய்து, தானும் பேசாமல் இருந்தார்.

புதிதாக வந்த பூனை சில நாள்களுக்குப் பயந்து ஒளியும் என்று கடிதம் எச்சரித்திருந்தது. இந்தப் பூனை ஒளியவில்லை. ஜன்னலோரத்தில் அபிதகுசாம்பாள் வழக்கமாக அமரும் நாற்காலியில் ஏறி அமர்ந்திருந்தது. அவர் வழக்கப்படி நாளிதழை உரக்கப் படித்தார். ஒரு கட்டத்தில் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். பூனை அவர் கண்களைப் பார்க்கவில்லை. அவருடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வம் தறியில் ஏற்றவேண்டிய பட்டுப் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்தார். இளவெயிலில் ஆயிரக்கணக்கான இழைகள் தெருவின் நீளத்துக்கும் மின்னின. அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டபடியே வந்தவர், சிவப்பிரகாசத்தின் வாசலுக்கு நேரே நின்றார்.

“சார், கொஞ்சம் வாங்க. இது இன்னான்னு பாருங்க.”

“பட்டு இழைதானே?”

“அப்டித்தான் நெனச்சி நானும் முடிச்சி போட்டுட்டேன். பட்டு இல்ல சார். மயிரு.” பன்னீர்செல்வம் இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு கையிலிருந்து மறு கை வரை அது தொங்கியது, மங்கிய வெண்மை. “ஒங்க வூட்டுப் பூனதான? பூனைக்கு இவ்ளோ நீட்டு முடி இருக்குமா?”

இருக்காது. கைவிரல் நீளம் என்றுதான் கடிதம் சொன்னது.

“அம்மா முடின்னு பாத்தா, அவங்களுக்கு இன்னும் கருப்பாச்சே. ஆமா, அம்மா எங்க சார்? ரெண்டு நாளா சத்தமே காணோம்.”

“உள்ளேதான் இருக்கிறது.”

பன்னீர்செல்வம் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “சார்! நீங்களா? எங்கம்மா வந்துச்சின்னு சொன்னதுக்கு என்ன பெஞ்சி மேல ஏத்தி நிக்க வெச்சீங்களே, நெனப்பு கீதா?”

“வாய் தவறிவிட்டது.”

உடனே திருத்திச் சொல்ல முயன்றார். ‘இருக்கி’ வரை வந்தது. அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தைத் தொட மறுத்தது. சிறுபிள்ளைகள் பிழையில்லாமல் சொல்லும் ‘றாள்’. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் முழங்கிய வாயிலிருந்து அது வெளியே வரவில்லை. இருமுவதுபோலப் பாசாங்கு செய்தார்.

“சரி, ஜன்னலாண்ட ஒக்காந்துகினு இருந்தாங்களே ஒரு அம்மா, அவங்க யாரு? ஒறவா? வெள்ளப் பொடவ.”

“யாரும் வரவில்லை” என்றார் சிவப்பிரகாசம். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். தாழிட்ட பிறகுதான், எதனோடு சேர்ந்து தாழிட்டுக்கொண்டோம் என்ற எண்ணம் வந்தது.

நாற்காலியில் பூனைதான் இருந்தது. சிறியதாக. உருண்டையாக. மெதுவாகக் கண்களை மூடித் திறந்தது.

புதன்கிழமை முற்பகல், கூடத்தில் வெயில் சதுரமாக விழும் இடத்தில் அபிதகுசாம்பாள் தரையில் சுருண்டு உறங்குவதை அவர் கண்டார். முழங்கால்கள் வயிற்றோடு ஒட்டியிருந்தன. முகம் கைகளுக்குள் புதைந்திருந்தது. பகலில் படுக்காதவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கண் திறந்தது; அவரைப் பார்த்தது; ஆர்வமின்றி மூடிக்கொண்டது. அருகே அவளுடைய சீப்பு கிடந்தது. பற்கள் முழுவதும் வெண்மயிர். தலை சீவும் சாக்கில் அவள் அதற்கும் சீவிவிட்டிருக்கிறாள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பூனைக்கென ஜெயவதி அனுப்பிய கம்பிச் சீப்பை எடுத்துப் பார்த்தார். அதில் கருப்பு மயிர் சிக்கியிருந்தது.

வீட்டு வேலை எதுவும் நின்றுபோகவில்லை என்பதுதான் அவரை மேலும் குழப்பியது. வேளை தவறாமல் மேசையில் காபி இருந்தது. சோறு குழையவில்லை, ரசத்தில் உப்பு மிகவில்லை. யார் சமைப்பது என்ற கேள்வியை அவர் இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள்தான், வேறு யார்?

நண்பகலில், தறிக்காரர்கள் சாப்பாட்டுக்காக எந்திரங்களை நிறுத்திய அந்த அரைமணி நேரத்தில், அடுக்களையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தாழ்ந்த குரல். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையின் பொறுமையோடு அது ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பித்தது.

“வந்தது. வந்தாள். வந்தது. வந்தாள்.”

கேலி செய்கிறாள்! சிவப்பிரகாசம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார். அடுப்புக்கு எதிரே, தரையில், முதுகைக் காட்டியபடி பூனை அமர்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை. கொல்லைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பூனை திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்னோக்கி நடந்து கூடத்துக்கு வந்தார். வெயில் நகர்ந்திருந்தது; வெயிலோடு அபிதகுசாம்பாளும் ஒரு முழம் நகர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.

உறங்கிக்கொண்டிருந்தது. அப்படித்தான் அவருடைய மனத்துக்குள் அந்த வாக்கியம் முடிந்தது. திருத்திப் பார்த்தார். மறுபடியும் அப்படித்தான் முடிந்தது.

வியாழக்கிழமை அவர் எழுந்தபோது கூடம் காலியாக இருந்தது. நாற்காலியும் காலி. கோயிலுக்குப் போயிருக்கலாம், கடைக்குப் போயிருக்கலாம் என்று பிற்பகல் மூன்று மணி வரை வாசற்படியில் காத்திருந்தார். மூன்று மணிக்கு ஜெயவதி கைப்பேசியில் அழைத்தார்.

“சார், காலையில வீட்டு போனுக்குப் பண்ணினேன். அம்மாதான் எடுத்தாங்க. இன்னா சுத்தமா பேசறாங்க சார்! கிளாஸ்ல ஒக்காந்த மாதிரி இருந்துச்சி. ஒருவழியா திருத்திட்டீங்க போல.”

தறியோசையில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நம்ப விரும்பினார். “என்ன பேச்சு நடந்தது?”

“மஹிமா எப்படி இருக்கான்னு கேட்டேன். ‘அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இன்னும் பழகவில்லை’ன்னாங்க. அவள்னே சொல்லுங்கம்மான்னேன். ‘அது என்பதே சரி’ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க.” ஜெயவதி சிரித்தார். “பயப்படாதீங்க. கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன் பாருங்க, அதுமாதிரி செய்யுங்க.”

சிவப்பிரகாசம் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை விரித்தார். தம்முடைய திருத்தங்களோடு உரக்கப் படித்தார். “பயந்தால் மஹிமா கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இழுக்காதீர்கள். வீட்டம்மாவே போகட்டும். அது குனிந்து கூப்பிட்டால் வெளியே வரும்.”

மறுமுனையில் ஜெயவதி இடைமறித்தார்.

“இன்னா சார் இது? நான் ‘அவள் குனிந்து கூப்பிட்டால்’னுதான எழுதினேன். அங்க அவள்னா மஹிமா இல்லையே. வீட்டம்மா. அதையுமா அடிச்சீங்க?”

பதினேழாவது.

பிழையில்லாத ஒரு சொல்லை அவர் பிழை என்று அடித்திருக்கிறார். தம் மனைவியைக் குறித்த சொல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்த மாணவனுக்கும் செய்யாத அநியாயம். கைப்பேசியை வைத்தார். பேனாவை எடுத்தார். ‘அது’ என்பதை அடித்து, மேலே ‘அவள்’ என்று நிதானமாக எழுதினார். எழுதியதைப் படித்தார். ‘அது’ என்றிருந்தது. மறுபடி எழுதினார். ‘அது’. எழுத்தெழுத்தாக, அ, வ, ள் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கை எழுதிய வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது. தாளில் நின்றது வேறாக இருந்தது. காகிதம் கிழிந்தது.

மின்சாரம் நின்றது.

தெருவின் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் ஓய்ந்தன. அந்த ஓசை எவ்வளவு பெரியது என்பதை அது நின்ற பிறகே காது உணர்ந்தது. மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. எங்கோ பன்னீர்செல்வம் மின்வாரியத்தைத் திட்டுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மூச்சு.

படுக்கையறையிலிருந்து. தாழ்வாக. விரைவாக.

அறைவாசலில் நின்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சேலைத் தலைப்பு நீண்டு கிடந்தது. பச்சையில் சிவப்புக் கரை. ஞாயிற்றுக்கிழமை அபிதகுசாம்பாள் உடுத்தியிருந்தது. உள்ளே இருள். இருளில் இரண்டு கண்கள்.

கண்கள் அழுதுகொண்டிருந்தன.

பின்னால், அடுக்களையில், பித்தளை டபரா தட்டத்தில் வைக்கப்படும் ஓசை. காபி மணம். அபிதகுசாம்பாளின் குரல்.

“காபி ஆறுகிறது. வாருங்கள்.”

அவளாக இருந்தால் ‘ஆறிப்போவுது, ஜல்தி வாங்க’ என்றிருப்பாள். ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் பிறந்து வந்தது. றகரம் றகரமாக. ளகரம் ளகரமாக. நாற்பத்தோர் ஆண்டுகளாக அந்தக் குரலில் அவர் கேட்க விரும்பிய தமிழ்.

தெருக்கதவு ஆறடி தொலைவில் இருந்தது. தாழ் எளிதாகத் திறக்கும். வெளியே வெயில், ஆள்கள், பன்னீர்செல்வம். அவர் இன்னும் அவர்தான், போய்விடலாம். கட்டிலுக்கு அடியில் இருப்பதை இழுக்கக் கூடாது. கூப்பிட வேண்டும். கூப்பிடக் குனிய வேண்டும். குனிந்து கூப்பிடுபவருக்கு அந்தத் தாளில் என்ன பெயர் என்பது அவருக்குத் தெரியும். அவரே எழுதியது.

உள்ளே வளையல் அசைந்தது. ஒரே ஒரு முறை.

சிவப்பிரகாசம் தெருக்கதவைப் பார்த்தார்.

சிவப்பிரகாசம் குனிந்தது.

“அபிதா” என்று கூப்பிட்டது.

இருளிலிருந்து ஒரு கை வந்தது. சூடான கை. விரலைப் பற்றியது. வெளியே வரவில்லை. விடவும் இல்லை. தரையில் கன்னத்தை அழுத்தியபடி சிவப்பிரகாசம் கிடந்தது. அங்கிருந்து பார்க்க, அடுக்களை வாசலின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது.

வெண்மயிர் முதலில் வந்தது. சேலையின் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக, தரையைப் பெருக்கிக்கொண்டு. அதற்கு அடியில் இரண்டு பாதங்கள். இரண்டே பாதங்கள். விரல்களில் மெட்டி. அவசரமில்லை. அறைக்குள் வந்தாள். கட்டிலருகே நின்றாள். ஒரு கிண்ணம் பாலைத் தரையில் வைத்தாள். பிறகு முழங்கால் மடித்து, தலையைச் சாய்த்து, அந்தத் தட்டையான முகத்தைத் தரைவரை தாழ்த்தி, செம்புக் கண்களால் உள்ளே பார்த்தாள்.

“இரண்டும் இங்கேதான் இருக்கின்றன” என்றாள்.

பன்மையில்கூடப் பிழையில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் தமிழ் அறிந்தவர். உங்கள் நாக்கு இன்னும் உங்களுடையது. ‘சிவப்பிரகாசம் குனிந்தார்’ என்று படியுங்கள். ‘அபிதகுசாம்பாள் இருக்கிறாள்’ என்று படியுங்கள். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டு, கடைசி எழுத்து வரை. இப்போதே.